95 வெள்ளி ஓவர்டிரைவ் கிட்: ஒலி அருமை, பொட்டலம் கட்டியதில் அக்கறை போதவில்லை

கிட்டார் ஒலிக்குக் கரகரப்பு ஏற்றக் காலால் மிதிக்கும் பெட்டிதான் ஓவர்டிரைவ் பெடல். அதை நாமே ஈயம் பற்றவைத்துக் கட்டிக்கொள்ளும் கிட் ஒன்றை இணையக் கடையில் 95 வெள்ளிக்கு வாங்கினேன். அஞ்சல் செலவு தனியாக 8 வெள்ளி. கட்டி முடித்து ஒரு கல்யாணத்திலும் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் வாசித்தாகிவிட்டது, அதனால் இப்போது தைரியமாக எழுதலாம். ஒலியில் எனக்குக் குறையே இல்லை. நண்பர் ஒருவர் பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய பெடலைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி மிதித்துக் கேட்டோம், எது எது என்று பார்க்காமல் சொல்ல இரண்டு பேராலும் முடியவில்லை. ஆனால் கிட் விற்பவர் பொட்டலத்துக்குள் எதைப் போடுகிறார், எதைப் போட மறக்கிறார் என்பதில் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். டவுனைத் தாண்டினால் செம்பனை, அதற்கு முன்னால் பால்மரம் நின்ற தோட்டங்கள். கோலாலம்பூரில் இருப்பவருக்கு ரெசிஸ்டர் மாதிரி ஒரு சின்ன மின்னணுப் பாகம் குறைந்தால் புடு பக்கம் ஜாலான் பாசாருக்குப் போய்ச் சில்லறைக் காசுக்கு வாங்கிவந்து அன்று சாயங்காலமே வேலையை முடித்துவிடலாம். எங்கள் டவுன் ஹார்ட்வேர் கடையில் வயர், பிளக், பெயிண்ட், பாராங் எல்லாம் கிடைக்கும், 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கிடைக்காது. அதற்காக ஈப்போ போக அரை மணி நேரம், வர அரை மணி நேரம், அதுவும் சனிக்கிழமை எனக்கு ஆபீஸ் வேலை முடிந்து கடை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான். இந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்து கட்டுகிறவனுக்கு ஒரு கிட் எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

என்ன பெடல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐபனெஸ் பெயரில் 1970களின் கடைசியில் ஜப்பானிலிருந்து வந்த டியூப் ஸ்கிரீமர் டிஎஸ் 808, அந்தப் பச்சைப் பெட்டி. அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் மிதித்தது என்று சொன்னால் பலருக்குப் புரியும். அதனுடைய சர்க்கிட்டைத்தான் இந்த கிட் அப்படியே எடுத்திருக்கிறது. உள்ளே சிக்னலைப் பெருக்கும் 4558 என்ற எட்டுக் கால் ஐசி (சில்லு) ஒன்று, அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு டிரான்சிஸ்டர், சிக்னலை நசுக்க, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் இரண்டு சின்ன டயோடு. டிரைவ் குமிழைக் குறைத்து வைத்தால் முதல் கட்டம் சிக்னலை ஏறக்குறைய 12 மடங்கு பெருக்கும், முழுக்கத் திருப்பினால் 118 மடங்கு. பெருகிய சிக்னல் 0.6 வோல்ட்டைத் தாண்டப் பார்க்கும்போது டயோடுகள் குறுக்கே வந்து மேலேயும் கீழேயும் வளைத்து மழுக்கிவிடுகின்றன. அந்த மழுங்கல்தான் நாம் கேட்கிற கரகரப்பு.

ஒரிஜினலில் இல்லாத ஒரு மாற்றம், மிதிசுவிட்ச். பழைய பெடலில் மின்னணு சுவிட்ச், இதில் ஒன்பது கால் உள்ள இயந்திர சுவிட்ச். அணைத்தால் சிக்னல் சர்க்கிட்டைத் தொடாமல் நேராக வெளியே போய்விடும். நல்லதுதான், ஆனால் நீளமான கேபிளில் வாசிப்பவர்களுக்குப் பெடலை அணைத்ததும் ஒலி கொஞ்சம் மங்கியது போலக் கேட்கும், ஏனென்றால் ஒரிஜினலில் எப்போதும் வழியில் நின்று, நீளமான கேபிளில் சிக்னல் மங்காமல் காக்கிற பஃபர் இங்கே ஒதுங்கிவிடுகிறது. மேடையில் எனக்கு அது தெரிந்தது.

சரி, பொட்டலம். அலுமினியப் பெட்டி ஓட்டையெல்லாம் போட்டே வந்தது, கனமான நல்ல பெட்டி. மின்சாரம் சொருகும் ஜாக்குக்கான ஓட்டை மட்டும் அரை மில்லிமீட்டர் சின்னது, அரத்தால் ராவி ஏற்றிக்கொண்டேன். மூன்று குமிழ், இரண்டு ஜாக், சுவிட்ச், எல்இடி, எல்லாமே தொட்டாலே தரம் தெரிகிறது. சர்க்கிட் போர்டும் தடிப்பானது, ஒரு காலைத் தப்பாகப் பற்றவைத்துப் பிடுங்கி மறுபடி பற்றவைத்தபோதும் செம்புத்தடம் உரியவில்லை. ஐசியை நேரடியாகப் பற்றவைக்காமல் சொருகி எடுக்க ஒரு சாக்கெட் கொடுத்திருந்தார்கள், பிளஸ் மைனஸ் மாறிய அடாப்டரைச் சொருகினாலும் எரியாமல் காக்க ஒரு டயோடும் இருந்தது. இதற்கெல்லாம் மனம் திறந்த பாராட்டு.

அப்புறம் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பை. ஏறக்குறைய இருபது ரெசிஸ்டரும் எல்லா கெப்பாசிட்டரும் டயோடும் ஒரே பையில் கலந்து கிடந்தன. பெயர் எழுதிய துண்டுக் காகிதம்கூட இல்லை. கையேடு என்று வந்தது ஒரே ஒரு தாள், அதில் போர்டின் படம் தேய்ந்த ரப்பர் முத்திரை மாதிரி மங்கலாக இருந்தது. சர்க்கிட் வரைபடமே கிடையாது. ரெசிஸ்டர்கள் நீல உடம்பில் ஐந்து கோடு போட்டவை. அந்த நீலத்தின் மேல் பழுப்பையும் சிவப்பையும் பிரித்துப் பார்ப்பது ராத்திரி வெளிச்சத்தில் மிகக் கஷ்டம். என் அக்கா மகன், படிவம் 2 படிக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தான். “மாமா, இது ஒரு பக்கமிருந்து படிச்சா 1000, அந்தப் பக்கமிருந்து படிச்சா 110 வருது” என்றான். அவன் சொன்னது சரி. பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு என்றால் 1 கிலோ ஓம், அதையே திருப்பிப் பிடித்தால் 110 ஓம். நிறத்தை நம்பாமல் எல்லாவற்றையும் மல்டிமீட்டர் என்ற மின்னளவுக் கருவியில் அளந்து, ஒரு தாளில் ஒட்டி, மதிப்பை எழுதி வைத்த பிறகுதான் சால்ட்ரிங் அயனையே சூடு பண்ணினோம். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் இந்த கிட்டை வாங்கவே வேண்டாம் என்று நினைக்கிறேன். அது கிட்டோடு வராது, தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்படி அடுக்கும்போதுதான் ஒன்று குறைகிறது என்று தெரிந்தது. 224 என்று அச்சடித்த கெப்பாசிட்டர், அதாவது 0.22 மைக்ரோஃபாரட், இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். அதற்குப் பதிலாக 104 ஒன்று கூடுதலாகக் கிடந்தது. எண்ணிப் போடுகிறவர் கை தவறி எடுத்திருக்கிறார். விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன், இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், பாகத்தைத் தபாலில் போடுகிறோம் என்று மன்னிப்போடு ஒரு பதில். அது வந்து சேர்ந்தது மொத்தம் 11 நாள் கழித்து. சில்லறைக் காசு பெறும் ஒரு பாகத்துக்காக 95 வெள்ளிப் பொருள் மேசையில் சும்மா கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு மதிப்பிலும் ஒன்று கூடுதலாகப் போட்டு அனுப்பினால் விற்பவருக்கு அதிகம் போனால் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி செலவாகும். எங்களை மாதிரித் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு முழு வாரம்.

நான் 11 நாள் காத்திருக்கவில்லை. டவுனில் பழைய ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது, இப்போது அதிகமாக வருவது காற்றாடியும் ரைஸ் குக்கரும்தான். சின்ன வயதில் அப்பாவோடு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போன கடை. அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நான் காட்டிய போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 224 அவரிடம் இல்லை. “இது ஒன்னுக்காகவா தம்பி ஈப்போ போகப் போறே? 104 ரெண்டு எடுத்துப் பக்கத்துல பக்கத்துல சேர்த்துப் போடு, அது போதும்லா” என்றார். கெப்பாசிட்டர்களை இணையாகச் சேர்த்தால் மதிப்பு கூடும், ரெசிஸ்டருக்கு நேர் எதிர். 104 என்றால் 100 நானோஃபாரட், அது இரண்டு சேர்ந்தால் 200, வேண்டியது 220 (அதே 0.22 மைக்ரோஃபாரட்தான்). இந்தச் சர்க்கிட்டில் அந்த இடம் மேல் சத்தத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லை. சரியான பாகம் போட்டால் 720 ஹெர்ட்ஸ் பக்கம், 200 போட்டால் 800 பக்கம், காதுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதலாக வந்த 104ஐ மட்டும் தனியே போட்டிருந்தால் எல்லை 1600க்கு ஏறி ஒலி கீச்சென்று ஆகியிருக்கும். ஒரு 104 என் கையில் இருந்தது, இன்னொன்றை அவர் மைலோ டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

அந்த மைலோ டின்னைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். செத்துப்போன ஒரு கராவோக்கே மிக்சரின் போர்டு அவர் மேசையில் கிடந்தது, நம் வீடுகளில் தீபாவளிக்குத் தீபாவளி பாடிப் பாடித் தேய்ந்த பெட்டிகளில் ஒன்று. அதில் வரிசையாக நிற்கும் ஐசிகளைப் பார்த்தால் 4558, 4558, 4558. கிட்டார் வாசிப்பவர்கள் பழைய 4558 தேடி அதற்கென்று தனியாகக் காசு கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அது சாதாரணப் பொருளாகக் கிடந்தது. அங்கிள் ஒன்றை உருவிக் கொடுத்தார், சாக்கெட் இருந்ததால் மாற்றி மாற்றிச் சொருகிக் கேட்டேன். கிட்டில் வந்ததற்கும் கராவோக்கே ஐசிக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை, அக்கா மகனுக்கும் கேட்கவில்லை. விலை உயர்ந்த பழைய ஐசியைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஈயம் பற்றவைக்கும் வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கிட்டோடு வந்த ஈயச்சுருள் ஈயமே இல்லாத வகை, 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், என் சின்ன அயனுக்கு அது ஒத்துவரவில்லை, பற்றெல்லாம் மங்கலாகச் சொரசொரப்பாக வந்தது. அதை ஒதுக்கிவிட்டு வெள்ளீயம் 63க்கு ஈயம் 37 கலவை வாங்கினேன், 183 டிகிரியில் உருகி நொடியில் பளபளவென்று படிகிறது. ஈயம் கலந்தது, அதனால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது, பையனுக்கும் அதையே கண்டிப்பாகச் சொன்னேன். காற்றாடி நேராக மேசையில் அடித்தால் அயன் முனை சூடு குறைகிறது, நிறுத்தினால் வியர்வை போர்டில் சொட்டுகிறது, புகையும் முகத்துக்கு வருகிறது. கடைசியில் காற்றாடியைப் பக்கவாட்டில் திருப்பி மெதுவாக வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. மிதிசுவிட்சின் கால்களில் மட்டும் அவசரம் வேண்டாம், ஒரு காலுக்கு இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அயனை வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி சுவிட்ச் போய்விடும். ஒரு கால் முடிந்தால் ஆறவிட்டு எதிர்ப்பக்கத்துக் காலுக்குப் போங்கள்.

எல்லாம் முடித்து 9 வோல்ட் கொடுப்பதற்கு முன் ஒன்று. கிட்டார் பெடல்களுக்கு நடுவில் மைனஸ் உள்ள அடாப்டர் வேண்டும், வீட்டு மோடத்துக்கு வரும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். மின்சாரம் வந்ததும் ஐசியின் 8ஆம் காலில் 9 வோல்ட், 4ஆம் காலில் 0, மற்ற ஆறு கால்களிலும் 4.5 பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. கிட்டாரைச் சொருகினேன், சத்தம் வந்தது! ஆனால் நினைத்ததைவிட முரடான சத்தம், குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே அடித்துக்கொண்டு வந்தது. கேட்க மோசமில்லை, ஆனால் பச்சைப் பெட்டியின் குரல் அது இல்லை.

காரணம் டயோடு. இரண்டும் எதிரெதிராகத் திரும்பியிருக்க வேண்டும், அப்போதுதான் சிக்னலின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவில் மழுங்கும். போர்டில் கோடு அச்சு சரியாக விழவில்லை, தாளில் படம் மங்கல், நான் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பிப் பற்றவைத்திருந்தேன். ஒரு பாதி 0.6 வோல்ட்டில் நின்றது, மறுபாதி தடுப்பார் இல்லாமல் ஏறிப்போனது. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்துத் தொட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமிருந்தும் 0.6 காட்ட வேண்டும், எனக்கு ஒரு பக்கம் மட்டும் காட்டியது. ஒன்றைக் கழற்றித் திருப்பிப் போட்டேன், ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு வந்து சேர எனக்கு ஒரு முழு ஞாயிறு போனது. ஒரு சர்க்கிட் வரைபடம் தாளின் பின்பக்கத்தில் இருந்திருந்தால் போயிருக்காது. முதல்முறை கட்டுகிற சின்னப் பையன் யாராவது இந்த இடத்தில் மனம் விட்டுப் போய் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடியிருப்பான், அதை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி ஒலி. எங்கள் குழுவில் கீபோர்டு, பேஸ் கிட்டார், தபேலா, டிரம் பேட், நான். கல்யாண மண்டபத்தில் எண்பதுகளின் பாட்டுகள்தான் அதிகம், அதில் வரும் கிட்டார் துண்டுகள் கீபோர்டின் கீழே அமுங்கிப் போவது வழக்கம். வால்யூமைக் கூட்டினால் கீபோர்டுக்காரர் அவரும் கூட்டுவார், அப்புறம் பாடுகிறவர் கத்த வேண்டியதாகிவிடும். இந்தப் பெடல் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தடித்த சத்தத்துக்குப் பெருக்கத்தைக் குறைத்துக் கொடுக்கிறது, மேலே உள்ள கூர்மையையும் மட்டுப்படுத்துகிறது, நடுச்சத்தம் தானாக முன்னால் வந்து நிற்கிறது. வீட்டில் தனியாக வாசித்தபோது இது மூக்கால் பேசுவது மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து வாசித்தபோதுதான் புரிந்தது, பேஸும் தபேலாவும் அடியைப் பிடித்துக்கொள்கின்றன, கிட்டார் அவற்றோடு மோதாமல் நடுவில் தனக்கென்று ஒரு வழி எடுத்துக்கொள்கிறது. வால்யூமைத் தொடவே இல்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு ஒவ்வொரு சுரமும் கேட்டது. திருவிழாவில் உறுமி மேளம் ஓய்ந்த கையோடு நாங்கள் ஏறினோம், அந்த அதிர்வு காதில் இருக்கும்போதே வாசிக்க வேண்டும், அங்கேயும் கிட்டார் தெளிவாக நின்றது. டிரைவ் கால்வாசி, டோன் நடுவில், லெவல் முக்கால் வைத்திருக்கிறேன்.

இரைச்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போர்டைப் பெட்டிக்கு வெளியே வைத்துச் சோதிக்கும்போது 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பலமாக இருந்தது, பயந்துவிடாதீர்கள். அலுமினிய மூடியைப் போட்டுத் திருகியதும் அடங்கிவிட்டது, அந்தப் பெட்டியே கவசம். அப்புறமும் ரீங்காரம் இருந்தால் ஜாக்கின் பூமிக்கம்பி பெட்டியைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

பின்னால் மாற்றிப் பார்க்கவும் இதில் இடம் இருக்கிறது. கடைசியில் உள்ள இரண்டு ரெசிஸ்டர், 100 ஓமும் 10 கிலோ ஓமும், 808 வகை. அவற்றை 470 ஓம், 100 கிலோ ஓம் என்று மாற்றினால் 1982ல் வந்த டிஎஸ் 9 ஆகிவிடும், இரண்டு பெடலுக்கும் சர்க்கிட்டில் அவ்வளவுதான் வித்தியாசம். கட்டி முடித்தவருக்கு இது பத்து நிமிட வேலை. கடையில் வாங்கிய பெடலைத் திறக்கவே எனக்குக் கை வராது, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கிறேன்.

காசு மிச்சப்படுமா என்று கேட்டால், ஒரே ஒரு பெடலுக்காக மல்டிமீட்டர், அயன், ஈயம் எல்லாம் புதிதாக வாங்கினால் மிச்சம் பெரிதாக இருக்காது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் நல்ல மிச்சம். எங்கள் பக்கத்தில் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இது: பணம் கட்டும் முன் விற்பவரிடம் பாகங்களின் முழுப் பட்டியலும் சர்க்கிட் வரைபடமும் கேளுங்கள், அனுப்ப முடியாது என்றால் வேறு கடை பாருங்கள். 104ஐயும் 1 கிலோ, 10 கிலோ ரெசிஸ்டர்களையும் பத்துப் பத்தாகத் தனியாக வாங்கி வையுங்கள். பொட்டலம் வந்த அன்றே எண்ணிவிடுங்கள்.

விற்றவர் அனுப்பிய 224 வந்து சேர்ந்தபோது பெடல் ஏற்கெனவே கல்யாணத்தில் வாசித்துவிட்டு வந்திருந்தது. அதை அங்கிளின் மைலோ டின்னில் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் பெடலை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், டயோடு மழுக்குவதை சிக்னலின் அலையைத் திரையில் காட்டும் அவருடைய பழைய ஆசிலாஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம். அக்கா மகனும் வருகிறான்.